அட்டையில் அடங்காத முட்டை

நாமக்கல் பண்ணைகளில் முட்டை அடுக்கும் அட்டை ஒன்றுக்கு 30 குழி. ஐம்பது, ஐம்பத்தைந்து கிராம் எடையுள்ள முட்டை வசதியாக உட்காரும் குழிகள் அவை. அதைவிடப் பெருத்த முட்டை உள்ளே இறங்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் அடுத்த அட்டையை ஏற்றினால் உடைந்து, ஒழுகி, கீழே இருப்பதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆகவே கேரளத்துக்கு லாரி ஏறும் சரக்கில் பெரிய முட்டைக்கு இடமில்லை. பொறுக்குகிற பெண்கள் கை பட்டவுடனே அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் வழியில் நாங்கள் நுழைந்த பண்ணையில், முட்டை அறையின் ஜன்னலோரம் அப்படி ஒதுக்கிய அட்டை ஒன்று இருந்தது. அறை முழுக்க ஒரே அச்சில் வார்த்த முட்டைகள் கூரைவரை வெளுத்து நிற்க, இந்த அட்டையில் மட்டும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத குட்டி முட்டை ஒன்று. நீண்டு, நடுவில் வளையம் கட்டியது ஒன்று. மேலெல்லாம் சுருக்கம் விழுந்தது ஒன்று. ஓடே இல்லாமல் சவ்வுக்குள் தளும்பிக்கொண்டிருந்த தோல்முட்டைகள் சில. எல்லாவற்றுக்கும் நடுவே, இரண்டு குழிகளை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய முட்டை.

கைபேசியைத் திறந்தால் இப்போதெல்லாம் ஏதாவதொரு வினோத முட்டை கண்ணில் பட்டுவிடுகிறது. எங்கோ ஒரு வீட்டுக் கொல்லையில் கோழி வாத்து முட்டை அளவுக்கு வைத்திருக்கும். வேறோர் ஊரில் முட்டைக்குள் முட்டை இருந்திருக்கும். உள்ளங்கையில் ஏந்தியும் தராசில் வைத்தும் படம் எடுக்கிறார்கள். படத்தில் கோழி இருப்பதில்லை. அதற்கு என்ன வயது, என்ன தின்றது, முட்டையிட்ட பிறகு எழுந்து நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கோழிகளைப் பார்க்கவேண்டும் என்றுதான் சித்திரை வெயிலில் நாமக்கல்லில் தொடங்கிக் கொல்லிமலைவரை ஒரு சுற்றுக் கிளம்பினேன். கூட வந்தவர், இந்த மாவட்டத்துக் கிராம மருந்தகங்களிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முட்டை அறையில் இருந்த பெண்ணிடம் அந்தப் பெரியதைக் காட்டிக் கேட்டேன். “அது புது பேட்சுங்கண்ணா. இப்பத்தான் மொட்டு வெக்க ஆரம்பிச்சிருக்குது. வெடைங்க. வரிசைக்கு வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்” என்றார்.

மருத்துவர் அவரைப் பாராட்டிவிட்டு எனக்கு விளக்கினார். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்கிறது. அதிலிருந்து மஞ்சள் கரு கழன்று முட்டைக் குழலின் வாயில் விழும். அங்கே கால் மணி நேரம். அடுத்து வெள்ளைக் கரு சுற்றிக்கொள்ள ஏறத்தாழ 3 மணி நேரம், சவ்வு மூட ஒன்றேகால் மணி நேரம். ஓடு படியத்தான் நேரம் பிடிக்கிறது: சுமார் 20 மணி நேரம். மொத்தத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டும் வேலை. ஒரு கரு கிளம்பி, அது வெளியே வந்தபின் அடுத்தது கிளம்பவேண்டும். முட்டையிடத் தொடங்கிய புதிதில் வெடைக்கோழியின் உடம்பு இந்த ஒழுங்குக்கு இன்னும் வந்திருக்காது. இரண்டு கருக்கள் அடுத்தடுத்துக் கழன்று, ஒரே வெள்ளைக்கும் ஒரே ஓட்டுக்கும் உள்ளே போய்விடும். இரட்டைக் கரு முட்டை பிறப்பது இப்படித்தான். பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று என்பார்கள். இளங்கோழிக் கூட்டத்தில் அதைவிட அதிகமாகவே வரும். அந்தக் குட்டி முட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. கருவே கழலவில்லை, குழலின் சுவரிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கையே கரு என்று எடுத்துக்கொண்டு உடம்பு அதைச் சுற்றி முட்டை கட்டிவிட்டது. உடைத்தால் உள்ளே வெள்ளை மட்டும்தான் இருக்கும்.

தோல்முட்டைகளுக்கு அன்றைய வெயில் ஒரு காரணம். கோழிக்கு வியர்க்காது, சூடு ஏறினால் வாயைப் பிளந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிப் போகிறது. முட்டையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட் பங்கு இந்த வாயுவிலிருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் ஓடு மெலிகிறது. கோடையில் பண்ணைகளில் குடிதண்ணீரில் சோடா உப்பு கலப்பது இதற்காகத்தான். வயதும் சேர்ந்துகொள்ளும். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெருக்கும், ஆனால் ஓட்டுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அதற்கேற்பக் கூடாது. அதே அளவுச் சத்தை அதிகப் பரப்பில் பூசவேண்டியிருக்கும்.

கொட்டகைக்குள் போனோம். ஒரு கூண்டுக்குள் நாலைந்து கோழிகள் தோளோடு தோள் நின்றன. அடித்தளம் சரிவாக இருப்பதால் முட்டை இட்டவுடன் முன்பக்கம் உருண்டு வந்துவிடுகிறது. அந்தப் பெரிய முட்டை எந்தக் கோழியுடையது என்று கேட்டேன்.

“அது எப்படிங்கண்ணா தெரியும்?” என்றார் அந்தப் பெண். உண்மைதான். பல்லாயிரம் கோழிகள் இருக்கும் இடத்தில் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் முட்டையிடும் கோழிகள் இவை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வருவதும் இவற்றால்தான். அந்த நன்றியோடுதான் கொட்டகையை விட்டு வந்தேன். ஆனாலும் இரண்டு கருவைச் சுமந்த கோழி இந்த வரிசையில் எங்கோ, யாருக்கும் தெரியாமல் நிற்கிறது என்பது மனதை உறுத்தியது.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே ஒரு சாளை. மருத்துவருக்குப் பழக்கமான இடம். எழுபது வயதைத் தாண்டிய ஆத்தா ஒருவர் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். “வா சாமி, டாக்டரய்யாகூட வந்தயா?” என்று திண்ணையில் உட்காரச் சொன்னார். அவர் வளர்ப்பதெல்லாம் சிறுவிடைக் கோழிகள். ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் வைக்கும். மீதி நாளில் அடைகாக்கும், குஞ்சு மேய்க்கும்.

கம்புப் பானைக்குள் கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்தார். பண்ணை அட்டையில் பார்த்த அத்தனை விதமும் இங்கேயும் இருந்தது, குறைந்த எண்ணிக்கையில். ஆனால் இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் இருந்தது.

“இந்தச் சுருங்குன மொட்டு கருப்பியுது. போன மாசிக்கு மின்ன கழிச்சல்ல கெடந்து பொழச்சவ. அன்னீல இருந்து இப்படித்தான் வெக்கறா.”

வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் நோய்க்கு மருத்துவப் பெயர் ராணிக்கெட். 1920களின் பிற்பாதியில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். உலகின் மற்ற இடங்களில் அதையே நியூகாசில் நோய் என்கிறார்கள். ஒரு வளவில் நுழைந்தால் கூட்டத்தையே காலி செய்துவிட்டுப் போகும். தப்பிப் பிழைத்த கோழியின் முட்டைக் குழலில் தழும்பு நின்றுவிட்டால், வெள்ளைக் கரு நீர்த்துப்போகும். ஓடு படிய நல்ல தளம் கிடைக்காமல் சுருங்கும். மூச்சுக்குழலைத் தாக்கும் இன்னொரு வைரஸ் நோயும் இதையே செய்யும். சுருக்கம் விழுந்த முட்டையைப் பார்த்து நோயின் வரலாற்றை அந்த ஆத்தா சொல்லிவிட்டார். மருத்துவர் அதற்குமேல் சேர்த்தது வைரஸின் பெயரை மட்டும்தான்.

தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். “அவிய வர்றப்ப வெயிலேறிப் போவுது. கோழியெல்லாங் காட்டுக்குள்ள மேயப் போயிருது. யாரு போயிப் புடிக்கிறது?” என்றார். விடியற்காலையில், கொடாப்பைத் திறப்பதற்கு முன்னால் வந்தால் ஒன்றுவிடாமல் போட்டுவிடலாம். இதைவிட எளிய யோசனை வேறென்ன இருக்க முடியும்? முகாம் நடத்துகிறவர்கள் கோழியின் நேரத்துக்குத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டே ஆகவேண்டும்.

அடுத்த முட்டையின் மேல் மணல் தூவியதுபோல் வெள்ளைப் பொறுக்கு. ராத்திரி கீரி வந்து கோழிகள் கலவரப்பட்டதன் மறுநாள் வைத்ததாம். பயந்த கோழி முட்டையை வெளியே விடாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். அந்த அதிகப்படியான நேரத்தில் ஓட்டின்மேல் மேலும் சுண்ணாம்பு படியும். அதே பயம் இன்னொரு கோழியை ஓடு முழுமையாகப் படிவதற்குள் முட்டையைத் தள்ளிவிடச் செய்யும். ஒரே இரவில், ஒரே கூட்டில் இரண்டும் நடக்கலாம்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேய்ந்துவிட்டுத் திரும்பிய இரண்டு கோழிகள் சுண்ணாம்படித்த சுவரின் அடிப்பகுதியை விடாமல் கொத்தின. “காலைல கொத்தாது. பொழுது எறங்குனாத்தான் செவுத்துக்கு வரும்” என்றார் ஆத்தா. ஓட்டுவேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். இரை செரித்து வருவது போதாமல், கோழி தன் கால் எலும்புக்குள் சேமித்து வைத்ததை இராத்திரியில் கரைத்துக் கொடுக்கிறது. அந்தச் செலவு வரப்போகிறது என்று அதன் உடம்புக்கு மாலையிலேயே தெரிகிறது. அந்த நேரத்தில் சுண்ணாம்புப் பொருளைத் தானாகத் தேடுகிறது. ஆய்வுக்கூடங்களில் அளந்து உறுதிசெய்த இந்த விஷயத்தை ஆத்தா சுவரில் விழுந்த குழிகளை வைத்தே அறிந்திருக்கிறார். வீட்டில் சேரும் முட்டையோட்டைச் சட்டியில் வறுத்து, அடையாளம் தெரியாமல் நுணுக்கி அரிசிக் குருணையோடு போடுகிறார். வறுக்காமல் பெரிய சில்லாகப் போட்டால் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

முறத்தில் கடைசியாக வைத்தது பெரிய முட்டை. ஓட்டின் கூர்முனைப் பக்கம் காய்ந்த ரத்தக்கோடு. “இது செவலையுது. வா, காட்டறேன்” என்று கொட்டகை மூலைக்குக் கூட்டிப்போனார்.

கூடையை நிமிர்த்தினார். செவலைக்கோழி இறக்கையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் பருவத்து முட்டையிடும் கோழி. மூன்று நாளுக்கு முன் அந்த முட்டை வராமல் காலையிலிருந்து முக்கிக்கொண்டே இருந்ததாம். ஆத்தா வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் பின்பாகத்தை அமிழ்த்தி, விளக்கெண்ணெய் தடவி, மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். முட்டை வந்தது, சதையும் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. கழுவி உள்ளே தள்ளி, மற்ற கோழிகள் ரத்தத்தைப் பார்த்துக் கொத்தாமலிருக்கத் தனியே கவிழ்த்து வைத்திருக்கிறார். மருத்துவர் குனிந்து பார்த்தார். புண் ஆறிவருகிறது என்றார். நாலைந்து நாள் இருட்டில் வைக்கச் சொன்னார். வெளிச்சம் குறைந்தால் அடுத்த கரு சீக்கிரம் கிளம்பாது. உடம்புக்கு ஓய்வு கிடைக்கும்.

பதிவான கோழிமுட்டைகளில் மிகப் பெரியதென்று கின்னஸ் புத்தகம் குறிப்பது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து வைன்லாண்டில் 1956 பிப்ரவரி 25 அன்று ஒரு வெள்ளை லெகார்ன் கோழி இட்டது. எடை 454 கிராம்; இரண்டு கரு, இரண்டு ஓடு. வெள்ளை லெகார்ன் பெட்டையின் எடையே ஒன்றரை முதல் இரண்டு கிலோதான். தன் உடம்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை ஒரே முட்டையாக அது வெளியே தள்ளியிருக்கிறது. இந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். செவலையின் பக்கத்தில் குந்தியிருந்தபோதுதான் அந்த 454 கிராம் எனக்கு ஓர் எண்ணாக இல்லாமல் ஒரு பிரசவமாகத் தெரிந்தது.

ஆத்தா எங்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். ஒன்றின் கரு மட்டும் மங்கிப் பழுப்புப் பச்சையாக இருந்தது. “மாட்டுக்கு வெச்ச பருத்திக்கொட்டையப் பொறுக்கித் தின்னிருக்கும்” என்றார். பருத்திக்கொட்டையிலுள்ள காசிபால் என்ற பொருள் கருவில் சேர்ந்து, முட்டை சில நாள் இருந்தால் அப்படி நிறம் மாற்றும். கருவின் நிறம் தீனியின் நிறம்தான்: மக்காச்சோளமும் கீரையும் மஞ்சளைக் கூட்டும், வெள்ளைச்சோளம் வெளிறச் செய்யும். 2020இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்து ஒதுக்குங்ஙலில் ஒரு வீட்டுக் கோழிகள் பச்சைக் கரு முட்டை வைத்தது பெரிய செய்தியானது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் அந்தக் கோழிகளுக்கு வேறு தீனி கொடுத்துப் பார்த்தார்கள்; கரு மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. அங்கே கோழியைப் பார்த்தார்கள், அதனால் விடை கிடைத்தது.

மறுநாள் ஞாயிறு. காரவள்ளியில் மலை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற அனல் விலகி மிளகுக்கொடியும் பலாவும் தெரிய ஆரம்பித்தன. வழியில் ஒரு கடைப்பலகை: கருங்கோழி முட்டை கிடைக்கும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கோழி அது; 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. தோல், சதை, எலும்பின் மேற்சவ்வுவரை கருப்பு. முட்டை மட்டும் வெளிர்பழுப்புதான். கருப்பு முட்டை என்று படம் காட்டி விலை சொல்கிறவர்களை நம்பவேண்டாம்.

செம்மேட்டைத் தாண்டிய ஒரு சிற்றூரில், சாமை காயப்போட்டிருந்த வாசலுக்குப் போனோம். அங்கே பேச்செல்லாம் ஒரு பெட்டைக்கோழியைப் பற்றியே இருந்தது. முட்டை வைத்துக்கொண்டிருந்த கோழி, சில மாதமாக முட்டையை நிறுத்திவிட்டுக் கொண்டை பெருத்துக் கூவ ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு ஆகாது, கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். இடப்பக்கச் சினைப்பை நோயில் பாழானால், வலப்பக்கம் வளராமல் கிடந்த உறுப்பு தலையெடுப்பதுண்டு. அது ஆண் சுரப்பைச் சுரந்தால் பெட்டை சேவலின் கோலம் கொள்ளும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்காரர் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தப் பயம் மலைக்கு மட்டும் உரியதல்ல. இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள பாசெல் நகரில், 1474ஆம் ஆண்டு, முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். சேவல் முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பிறக்கும் என்று அன்று நம்பினார்கள். எரிந்தது பெரும்பாலும் சினைப்பை கெட்ட ஒரு பெட்டையாக இருந்திருக்கும். நோயுற்ற ஒரு பறவையைப் பார்த்து ஒரு நகரமே நடுங்கியிருக்கிறது.

வீட்டுக்காரம்மா இந்த விவாதத்தில் சேரவில்லை. அவருக்கு வேலை இருந்தது. ஒரு கோழி அடை கட்டியிருந்தது; இன்று முட்டை வைக்கவேண்டும். சேர்த்து வைத்திருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, கதவிடுக்கு வெளிச்சத்தில் காட்டித் தேர்ந்தெடுத்தார். நீள்முட்டை வேண்டாம், உருண்டை வேண்டாம். ஓடு நைந்தது வேண்டாம். பாதியில் உடைந்து மற்றதையும் நாறடிக்கும். பெரியதை எடுத்துத் தனியே வைத்தார்.

“ஏங்க்கா, அது நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“உள்ள ரெண்டு உசுரு இருக்கும் தம்பி. ஒரு ஓட்டுக்குள்ள ரெண்டும் மூச்சுவிட எடம் பத்தாது. பொரிக்கற நாளு வரைக்கும் வளந்து உள்ளயே செத்துப்போவும். எதுக்கு அந்தப் பாவம்?”

இரட்டைக் கருவில் இரண்டு குஞ்சும் பிழைத்து வெளிவருவது அரிதிலும் அரிது. ஓட்டைக் கொத்தித் திரும்புவதற்கே இடமிருக்காது என்று மருத்துவர் ஆமோதித்தார். கூவிய கோழி முன்பு வைத்த முட்டை எப்படி இருந்தது என்று கேட்டார். நிறுத்துவதற்கு முன்பே அதன் முட்டை நீர்த்துப் போயிருந்ததால் அடைக்கு எடுக்கவில்லை என்றார் அக்கா.

கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் செருகி, 11 முட்டைகளை வைத்தார். கோழி ஏறி உட்கார்ந்து வயிற்றால் அவற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டது. பிறகு அக்கா மருத்துவரைப் பார்த்து, “போன தடவ பொரிச்ச குஞ்செல்லாங் கழிச்சல்ல போயிருச்சுங்க. இந்தத் தடவ எப்ப மருந்து விடணும்?” என்று கேட்டார்.

பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு என்று சொல்லி, சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார் மருத்துவர். இன்றிலிருந்து 21ஆம் நாள் பொரிக்கும்; அங்கிருந்து ஏழு நாள். எண்ணிப் பார்த்தால் அதுவும் ஞாயிறாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்தகத்தில் ஆள் இருப்பார்களோ என்னவோ என்று அக்கா தயங்கினார். ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் கெட்டுவிடாது என்று மருத்துவர் அதற்கடுத்த திங்கட்கிழமையைப் பேனாவால் வட்டமிட்டார். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் மேலே கொண்டுவர வேண்டும். அதைக் காலண்டரின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார்.